பீடிக்கடை ஏடு முதல் இ-ஷ்ரம் வரை: வீட்டிலிருந்து கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு எந்தப் பதிவு கைகொடுக்கும்?

மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர், ஆம்பூர்ப் பக்கம் காலணியின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறவர், திருப்பூரில் பனியன் மூட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து பிசிறு வெட்டுகிறவர், அப்பளம் போடுகிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர் என்று யார் வீட்டுக்குப் போனாலும் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு மூன்று அட்டைகள் கிடக்கின்றன. முகாம் போட்டார்கள், வரச் சொன்னார்கள், கைரேகை வைத்தார்கள், அட்டை வந்தது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பதிந்து கொடுத்தவரும் சொல்லவில்லை.

இந்த மதிப்பீட்டில் நான்கு சேவைகளைப் பார்க்கிறோம்: ஒன்றிய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரம், தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதி என்கிற பி.எஃப். அளவுகோல் ஒன்றுதான். கூலியைக் குறைத்தாலோ, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை நிறுத்தினாலோ, வேலை கொடுத்தவரிடம் போய் "எனக்குச் சேர வேண்டியது இது" என்று கேட்க அந்தப் பதிவு உதவுகிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைக்குப் பணம் வருவதில் நல வாரியம் முதலிடம். பதிவது சுலபம் என்பதில் இ-ஷ்ரம். பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் பீடி அட்டை. உரிமை என்று எடுத்துக்கொண்டால் பி.எஃப். ஒன்றுதான் தேறுகிறது, ஆனால் நான்கில் சேவை மிக மோசமாக இருப்பதும் அதுதான். இந்த நான்கையும்விட வழக்கில் உதவக்கூடிய ஐந்தாவது ஒன்று உண்டு. அது எந்த அலுவலகமும் தருவதில்லை, பெட்டிக்கடையில் கிடைக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இ-ஷ்ரம்

2021 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய தளம். பதிந்தவர்கள் 30 கோடியைத் தாண்டிவிட்டார்கள். அதில் பாதிக்கும் மேல் பெண்கள். 16 முதல் 59 வயது வரை பதியலாம். ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு மூன்றும் போதும். பொதுச் சேவை மையத்தில் புதிதாகப் பதிய கட்டணம் கிடையாது. கால் மணி நேரத்தில் 12 இலக்க எண்ணோடு அட்டை கையில். உதவி எண் 14434. பதிவின் வேகத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. தொடக்கத்திலேயே "பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினரா?" என்று கேட்கும். ஆம் என்றால் பதிவு மேலே நகராது. பீடிக் கம்பெனியில் பி.எஃப். கணக்கு இருக்கும் பெண்களுக்கு "இல்லை என்று போட்டுக்கலாம், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று யோசனை சொல்கிற மையங்கள் உண்டு. அந்தப் பொய்யை அவர் கையாலேயே உறுதிமொழியாகப் பதிய வைக்கிறார்கள். பின்னால் பி.எஃப். வழக்கு வந்தால் "உறுப்பினர் இல்லை என்று இவரே சொன்னவர்" என்று எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்ட இடம் கொடுத்ததாகும். பி.எஃப். இருக்கிறவருக்கு இ-ஷ்ரம் தேவையில்லை. விட்டுவிடலாம்.

அடுத்தது தொழில் பெயர். பட்டியல் நீளம், அவசரத்தில் இருக்கும் மையத்துக்காரர் முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிடுவார். வீட்டுவேலைத் தொழிலாளர் என்பது பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சமைப்பவருக்கான பிரிவு. பீடி சுற்றுகிறவர் அதில் போய் உட்கார்ந்தால் பீடி தொடர்பான எந்தத் திட்டமும் அவரைக் கண்டுபிடிக்காது. திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, முன்னோட்டப் பக்கத்தில் தொழிலையும் வாரிசுதாரர் பெயரையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாமியார் பெயரை வாரிசாகப் போட்டு, அவர் காலமாகிப் பல வருடம் ஆன அட்டைகள் நிறையவே இருக்கின்றன.

"கார்டு இருந்தாலே 2 லட்சம் இன்சூரன்ஸ்" என்று இன்றும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அறிவித்த அந்த விபத்து இழப்பீடு 2022 மார்ச் 31 வரைக்கானது. இப்போது விபத்துக் காப்பீடு வேண்டுமென்றால் வங்கியில் தனியாக எழுதிக்கொடுத்துப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவில் சேர வேண்டும். வருடத்துக்கு 20 ரூபாய்தான், 18 முதல் 70 வயது வரை சேரலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: அட்டையில் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, முகவரி இருக்கிறது. வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயரோ ஏஜென்ட்டின் பெயரோ எங்கேயும் இல்லை. இவர் யாருக்காக உழைக்கிறார் என்ற கேள்விக்கு அந்த அட்டை பதில் சொல்லாது. நாட்டில் எத்தனை பேர் இப்படி உழைக்கிறார்கள் என்று அரசு எண்ணிப் பார்க்க அது உதவும். கூலித் தகராறில் மேசைமேல் வைக்க அதில் ஒன்றுமில்லை.

நல வாரியம்

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தவை இந்த வாரியங்கள். தையலுக்குத் தனி வாரியம், காலணி-தோல் பொருளுக்குத் தனி, கைவினைக்குத் தனி, கைத்தறிக்குத் தனி, விசைத்தறிக்குத் தனி. அப்பளம், ஊதுபத்தி போன்றவை உடலுழைப்பு வாரியத்தின் தொழில் பட்டியலில் வரும். ஒருவர் ஒரு வாரியத்தில்தான் இருக்க முடியும் என்பதால் காலையில் தையல், மாலையில் பூக்கட்டு என்று இரண்டு வேலை செய்கிறவர் எதில் வருடம் முழுக்க வேலை இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். கட்டணம் இல்லை. வாரியத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், பணிச்சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். மாவட்டத்தில் இதைப் பார்க்கும் அலுவலர் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்). மகப்பேறு, கருச்சிதைவு, பிள்ளைகளின் கல்வி, திருமணம், கண்கண்ணாடி, இயற்கை மரணம், விபத்து மரணம், 60-க்குப் பின் ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. தொகைகள் அரசாணைக்கு அரசாணை மாறுவதால் பழைய நோட்டீஸை நம்பாமல் அலுவலகத் தகவல் பலகையைப் பாருங்கள். நான்கில் இதுதான் உருப்படியாகப் பணம் கொடுத்த சேவை என்பதில் சந்தேகமில்லை. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் வந்துசேரும் சில ஆயிரங்களை அற்பம் என்று சொல்பவர் அந்த வீட்டு வரவு செலவு தெரியாதவர்.

எங்கே முட்டுகிறது என்று பார்த்தால் சட்டத்தில் இல்லை, எழுத்துகளில்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், குடும்ப அட்டையில் கணவர் இனிஷியல், வங்கியில் இனிஷியலே இல்லை. விண்ணப்பம் திரும்புவதற்கு இது ஒன்று போதும். முதலில் ஆதாரைச் சரிசெய்து, மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள். வரிசையைத் தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை திருத்த வேண்டியிருக்கும். ஓ.டி.பி. போகும் எண் மகனுடையதாக இருந்து, அவர் வெளியூருக்குப் போய்விட்டால் புதுப்பிக்கும்போது வாசலிலேயே நிற்க வேண்டிவரும். வங்கி இணைப்பு இன்னொன்று: சிண்டிகேட் வங்கி கனராவோடும் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020-ல் இணைந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. பழைய எண்ணே பதிவில் இருந்தால் அனுமதியான பணமும் திரும்பிப் போகும், செய்தி எதுவும் வராது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கெடு முடிந்த மாதத்தில் மரணமோ விபத்தோ நேர்ந்தால் குடும்பம் அல்லாடும். அட்டையின் பின்பக்கத்தில் அடுத்த புதுப்பிப்புத் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இத்தனை சொன்ன பிறகும் அளவுகோலுக்குத் திரும்பினால் வாரியம் பாதியில் நின்றுவிடுகிறது. கட்டுமான வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. அப்பளத்துக்கும் ஊதுபத்திக்கும் வேலை கொடுக்கிறவர் தரும் பங்கு என்று எதுவும் இல்லை. பெரும்பாலும் அரசு மானியத்தில் ஓடுகிறது. பணிச்சான்றையும் அநேகமாகச் சங்கம் தருகிறது, முதலாளி தருவதில்லை. ஆக இந்தப் பதிவிலும் முதலாளி எட்டிப் பார்க்கவில்லை.

பீடி அட்டை

1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தைச் சார்ந்தது. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை, மருந்தகங்கள், தேசிய கல்வி உதவித்தொகைத் தளம் வழியாகப் பிள்ளைகளுக்கு வகுப்பைப் பொறுத்து வருடத்துக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை உதவி. முன்பு பீடிமீது வசூலித்த தீர்வையிலிருந்து இந்த நிதிக்குப் பணம் வந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அந்தத் தீர்வை போய்விட்டது. இப்போது பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி நிற்கிறது.

கம்பெனி நேரடியாகப் பெயர் எழுதிய பெண்ணுக்கு இந்த அட்டை கிடைத்துவிடும். கமிஷன் ஏஜென்ட்டிடம் இலை வாங்கிச் சுற்றுகிறவருக்குச் சான்று கொடுக்க ஆள் இல்லை. ஒரே வீட்டில் மாமியார் பெயரில் கணக்கு, மருமகளும் சேர்ந்து சுற்றுவார் என்ற வழக்கத்தில் மருமகள் எங்கேயும் பதிவாக மாட்டார். பதினைந்து வருடம் சுற்றிய பிறகு மாமியார் கணக்கு முடிந்துபோனால் மருமகளின் உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடையில் கொடுக்கல் வாங்கல் எழுதும் ஏட்டைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஏடுதான் என்று கடையில் சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அநேகமாகத் தர மாட்டார்கள், இரண்டாவது ஏடு வந்துசேர வாய்ப்புண்டு.

பி.எஃப்.

நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற பெண்ணுக்கு பி.எஃப். எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் அதே வழியில் கேட்க முடியும்.

1977-ல் பீடித் தொழிலை பி.எஃப். சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அவர்கள் வாதம் இன்றும் நாம் கேட்கிற அதே வாதம்: வீட்டில் இஷ்டப்பட்ட நேரத்தில் சுற்றுகிறார்கள், நாங்கள் மேற்பார்வை பார்ப்பதில்லை, எனவே எங்கள் தொழிலாளர் அல்ல. பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுற்றிக் கொண்டுவந்த பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம். கழிக்கிற அதிகாரம் இருந்தால் மேற்பார்வையும் கட்டுப்பாடும் இருக்கிறது என்று பொருள், சுற்றுகிறவர் தொழிலாளரே. இதற்கு முன்பே 1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், துணி தைத்துத் தரும் பீஸ் ரேட் தையல்காரர்கள் விஷயத்தில் நீதிமன்றம் இதே தர்க்கத்தைத் தொட்டிருந்தது.

கணக்கப்பிள்ளை "இந்தக் கட்டு சரியில்லை" என்று தூக்கி எறிவது அந்தப் பெண்ணின் கூலியைத் தின்னும் தந்திரம் என்று எல்லாருக்கும் தெரியும். பல மாநிலங்களின் பழைய பீடி விதிகளில் கழிவு நூற்றுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது, இரண்டரைக்கு மேல் போனால் காரணத்தை எழுத வேண்டும் என்றே இருந்தது. ஆனால் அதே கழிவுதான் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளர் என்பதற்கான சான்று. ஆகவே கழித்ததை மறக்காமல் எழுதி வையுங்கள்.

தையல்காரர்களுக்கு நேரடியாக உதவுவது 2019 ஜூலையில் வந்த கோதாவரி கார்மென்ட்ஸ் தீர்ப்பு. மகாராஷ்டிரத்தில் பெண்கள் தங்கள் சொந்தத் தையல் இயந்திரத்தில், தங்கள் வீட்டில் தைத்தார்கள். கம்பெனி துணி, நூல், பொத்தான் கொடுத்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தது. சரியில்லாததைத் திருப்பி அனுப்பியது. இயந்திரம் அவர்களுடையது என்பதால் தொழிலாளர் இல்லை என்றாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "மெஷின் உங்களுது, நீங்களே முதலாளி" என்று திருப்பூரிலோ ஆம்பூரிலோ யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமா என்று பார்க்கும்போது ஏஜென்ட் வழியாக வீட்டில் வேலை செய்கிறவர்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

பணம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது கடினமில்லை. பீடித் தொழிலுக்குப் பிடித்தம் 10 சதவீதம், நிறுவனமும் அதே 10. எடுத்துக்காட்டுக்கு, மாதக் கூலி 5,000 என்றால் பெண்ணிடம் 500 பிடிப்பார்கள். கம்பெனியின் 500-ல், கூலியில் 8.33 சதவீதமான 417 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போகும். மீதி 83 அவர் கணக்கில் சேரும். கைபேசியில் அரசின் உமாங் செயலியில் பாஸ் புத்தகத்தைத் திறந்தால் 500, 83, 417 என்று மூன்று பத்திகள் தெரிய வேண்டும். கடை ஏட்டில் 5,000 என்றிருக்க, பாஸ் புத்தகத்தில் கூலி 2,500 என்று இருந்தால் பாதியை மறைக்கிறார்கள். சில மாதம் காலியாக இருந்தால் அந்த மாதங்கள் ஓய்வூதியச் சேவையில் சேராது. 10 வருடச் சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது, அது போதாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் ஒன்பதாம் வருடத்தில் கம்பெனி பெயரை மாற்றிப் புதுக் கணக்கு திறந்தால் ஜாக்கிரதை. புது எண் வாங்காதீர்கள்; பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்ணான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்து, பழைய சேவையை மாற்றித் தரும்படி விண்ணப்பியுங்கள்.

இனி சேவையின் தரம். மோசம். முப்பது வருடத்துக்கு முன் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயர், குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி. ஆதாரோடு ஒத்துப்போகாது, எனவே பணம் எடுக்க முடியாது. திருத்த, நிறுவனமும் உறுப்பினரும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வேண்டும். நிறுவனம் மூடியிருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. வேலை செய்கிற காலத்திலேயே, கம்பெனி உயிரோடு இருக்கும்போதே இந்தத் திருத்தத்தை முடிப்பதுதான் ஒரே வழி. மகளின் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும் வாரத்தில் கண்டுபிடித்தால் கல்யாணம் முடிந்துதான் பணம் வரும். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. வரிசை குறைவு, அலுவலர் நேரில் இருப்பார், இணையத்தில் குறை பதிவதைவிட இது பயன். கம்பெனி பணமே கட்டவில்லை என்றால் விசாரித்துப் பாக்கியை நிர்ணயிக்கச் சொல்லி பி.எஃப். அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். தனியாள் மனுவைவிட ஒரே கடையில் போடும் இருபது பேர் சேர்ந்து கொடுத்த மனுவுக்குப் பலம் அதிகம். வேலையை நிறுத்தி ஒருவரை மிரட்டுவது சுலபம், இருபது பேரை நிறுத்தினால் கடைக்குச் சரக்கு வராது.

இருபது ரூபாய்க் கணக்கு நோட்டு

ஐந்தாவது இதுதான். நீளக் கோடு போட்ட நோட்டு. தேதி, கொடுத்தவர் பெயர், என்ன கொடுத்தார், எடை அல்லது எண்ணிக்கை, திருப்பிக் கொடுத்த எண்ணிக்கை, கழித்தது, கைக்கு வந்த பணம், பாக்கி என்று எட்டுப் பத்தி. பீடி என்றால் இலையின் எடையும் தூளின் எடையும் தனித்தனியாக. இலையைக் குறைத்துக் கொடுத்து ஆயிரம் பீடி கேட்டால், வெளியே விலை கொடுத்து வாங்கிய இலையின் கணக்கு அதே வரியில் வரட்டும். தையல் என்றால் சொந்தக் காசில் வாங்கிய ஊசி, நூல், எண்ணெய், மூட்டை தூக்கிவந்த ஆட்டோக் கூலி. அன்றன்றைக்கு எழுத வேண்டும். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் ஆறு மாதத்தை எழுதினால் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும், நீங்கள் ஓரத்தில் கையெழுத்தோ ரேகையோ வையுங்கள்.

வாரம் ஒருமுறை கணக்கு முடிக்கும்போது ஏஜென்ட்டிடம் ஒரு சின்னக் கையெழுத்து வாங்க முடிந்தால் நோட்டின் மதிப்பு பல மடங்கு. போட மறுத்தால் மொத்தத்தை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்புங்கள்: "அண்ணே, இந்த வாரம் 480 பீஸ், 30 கழிச்சீங்க, 225 ரூபாய் கொடுத்தீங்க." அவர் கட்டைவிரலைக் காட்டினாலும் போதும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், கைபேசியை மாற்றினால் பழையதை விற்காதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், ஆனால் மூலக் கருவி கையில் இருந்தால்தான் வேலை எளிது. கூலியை ரொக்கமாக வாங்காமல் ஜி-பே, போன்-பே வழியாகக் கணக்கில் வாங்கினால் கொடுத்தவர் பெயரை வங்கியே எழுதித் தந்துவிடும்.

இன்னொரு பயனும் இருக்கிறது: பீஸ் ரேட் நியாயமா என்று அளக்கலாம். தனியாக உட்கார்ந்து, பிள்ளைகள் உதவி இல்லாமல், ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி முடிகிறது என்று மூன்று நாள் எண்ணுங்கள். மணிக்கு 60, பீசுக்கு 50 காசு என்றால் எட்டு மணி நேரத்துக்கு 240 ரூபாய். அதிலிருந்து சொந்தச் செலவைக் கழித்து, அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த நாள் கூலியோடு ஒப்பிடுங்கள். பீடியில் இலையை நனைப்பதும் வெட்டுவதும் கடையில் காத்திருப்பதும் வேலை நேரம்தான். சுற்றுகிற நேரத்தை மட்டும் எண்ணினால் கம்பெனிக்குச் சாதகமான கணக்கு வரும்.

தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்துவிட்டன. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் அதற்குள் கரைந்துவிட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தன் வீட்டிலோ தான் தேர்ந்த இடத்திலோ ஒரு முதலாளிக்காகப் பொருள் செய்து கூலி வாங்குபவரை, கருவியும் சரக்கும் யாருடையதாக இருந்தாலும், வீடுசார் தொழிலாளர் என்று வரையறுக்கிறது. பெயர் வைத்தாயிற்று, ஆனால் அமைப்புசாரா வரிசையில் உட்காரவைத்துத் திட்டங்களைக் காட்டுகிறது, முதலாளியின் பையில் கைவைக்கவில்லை. வீட்டில் செய்யும் வேலைக்கும் மற்றத் தொழிலாளருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-ல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

ஊதியத் தொகுப்பில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. குறைந்த கூலிக்கு உரிமை கோர முன்பு ஆறு மாதக் கெடு. இப்போது மூன்று வருடம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால் அதற்கு முன்னால், "இவர்தான் எனக்கு முதலாளி" என்பதைப் பெண்தான் காட்ட வேண்டும். அங்கேதான் அட்டைகள் கைவிடுகின்றன, நோட்டு நிற்கிறது.

எச்சரிக்க வேண்டிய இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, பீடியில் பழைய தந்திரமான விற்பனை-கொள்முதல் முறை: இலையும் தூளும் விற்றதாக ஒரு பில், பீடியை விலைக்கு வாங்கியதாக இன்னொரு பில். கையெழுத்துப் போட்டால் பெண் தொழிலாளர் அல்ல, சிறு வியாபாரி. மற்றது, கடன் கிடைக்கும் என்று சொல்லி எடுத்துத் தரும் உத்யம் என்கிற சிறு நிறுவனப் பதிவுச் சான்றிதழ். சொந்தமாக ஊறுகாய் போட்டு விற்பவருக்கு அது நல்லது. பிறர் துணியைக் கூலிக்குத் தைக்கிறவர் அதை எடுத்தால் "இவர் தனி நிறுவனம்" என்று சொல்ல எதிர்த்தரப்புக்குத் தானே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். அந்தக் காகிதத்தால் மட்டும் வழக்குத் தோற்றுவிடாது, ஆனால் இழுக்கும்.

முதலாளி யார் என்று தெரியாதபோது சங்கம் எதற்கு என்று 1972-ல் ஆமதாபாத்தில் சுயதொழில் பெண்கள் சங்கமான சேவாவின் பெண்களிடமும் கேட்டார்கள். அதை நிறுவிய இளா பட்டின் பதில், சங்கம் தொழிலாளரின் ஒற்றுமைக்கானது என்பதாக இருந்தது, பதிவும் கிடைத்தது. வீடு வீடாகச் சிதறிக் கிடக்கிறவர்கள் சந்திக்கிற ஒரே இடம் சரக்குப் போடும் கடை வாசல். கணக்கு முடிக்கும் சனிக்கிழமை அங்கேயே நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும்.

மனுக் கொடுக்கப் போகும்போது நோட்டின் நகல், கடை ஏட்டின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, உரையாடல் அச்சு, ஏஜென்ட் பெயரும் கடை முகவரியும், எந்தக் கம்பெனிச் சரக்கு என்பதைக் காட்டும் லேபிள் அல்லது பண்டல் தாள் ஒன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மூலத்தை எங்கேயும் கொடுத்துவிட வேண்டாம். மனுவின் இரண்டாம் படியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று நிற்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும்; மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி எண் 15100.